லிதுவேனியா சொன்னால் பிரஸ்ஸல்ஸ் கேட்குமா?

2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனத் துறைமுகங்களுக்குப் போன லிதுவேனியச் சரக்குகளுக்கு விசித்திரமான ஒரு சிக்கல் வந்தது. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று சுங்கத்துறையின் கணினியில் தேர்வு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் லிதுவேனியாவின் பெயரையே காணோம். தடை விதித்ததாக அறிவிப்பு இல்லை, அரசாணை இல்லை, ஒரு கடிதம்கூட இல்லை. நாட்டின் பெயர் இல்லாததால் பொருளை உள்ளே விட முடியவில்லை, அவ்வளவுதான். சில நாட்களில் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. சரக்கு மட்டும் நகரவில்லை.

காரணம் ஊரறிந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, நவம்பர் 18 அன்று, லிதுவேனியத் தலைநகர் வில்னியுஸில் தைவான் தன் பிரதிநிதி அலுவலகத்தைத் திறந்திருந்தது. ஐரோப்பிய நகரங்களில் தைவானுக்கு இப்படி அலுவலகங்கள் இருப்பது புதிதல்ல. ஆனால் அவையெல்லாம் 'தைபே' என்ற நகரத்தின் பெயரில் இயங்குபவை. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, அந்த அளவுக்குக் கண்டும் காணாமல் இருந்துவிடும். வில்னியுஸில் பலகையிலேயே தைவான் பெயரைப் போட்டார்கள். அதற்கு அனுமதி கொடுத்த லிதுவேனியாவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். சீனாவில் ஒரு நடுத்தர நகரத்தில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இது சீனாவும் லிதுவேனியாவும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய தகராறாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் லிதுவேனியா, பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர். ஒன்றியத்துக்கு ஒரே சந்தை, ஒரே வணிகக் கொள்கை. லிதுவேனியப் பொருளைத் தடுத்தால் ஒன்றியத்தின் பொருளைத் தடுத்ததாகத்தான் கணக்கு. மறுபக்கம், தைவான் அலுவலகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை முடிவு செய்தது வில்னியுஸ் மட்டும். மற்ற 26 நாடுகளையும் கேட்கவில்லை. அப்படியானால் இந்தச் சண்டை யாருடையது? ஒரு பெரிய கூட்டமைப்புக்குள் இருக்கும் சின்ன நாடு தனக்கென ஒரு வெளியுறவுக் கொள்கையை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதற்கு ஐரோப்பாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகம் தொடர்பான பெரும்பாலான முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்படுகின்றன. 55 சதவீத நாடுகளும், ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட நாடுகளும் ஆதரித்தால் போதும். வெளியுறவு அப்படியில்லை. ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிப்பதோ, விதித்த தடையைப் புதுப்பிப்பதோ, பொது நிலைப்பாடு எடுப்பதோ எல்லாவற்றுக்கும் 27 நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதத்தில் மால்டாவும் ஜெர்மனியும் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் முட்டுக்கட்டை போடலாம்.

2020 இலையுதிர் காலத்தில் சைப்ரஸ் இதைச் செய்து காட்டியது. பெலாரஸில் அதிபர் லுகஷென்கோ தேர்தலில் முறைகேடு செய்து, தெருவில் இறங்கிய மக்களை அடித்து நொறுக்கிய நேரம். அவருடைய ஆட்கள் மீது தடை விதிக்க எல்லோரும் தயார். சைப்ரஸ் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தன் கடல் பகுதியில் எரிவாயு தேடும் துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது. பெலாரஸுக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எதுவுமில்லை. ஒருவழியாக அக்டோபர் தொடக்கத்தில், துருக்கியை எச்சரிக்கும் சில வரிகளைப் பெற்றுக்கொண்டு சைப்ரஸ் இறங்கி வந்தது. அதற்காக அது சம்பாதித்த கெட்ட பெயர், பெற்ற வரிகளைவிடப் பெரிது.

இந்தத் தடுப்பதிகாரம், அதாவது வீட்டோ, சின்ன நாட்டின் பெரிய ஆயுதம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தடுப்பதால் ஒரு காரியத்தை நிறுத்தலாமே ஒழிய நடத்த முடியாது. ஒன்றியத்துக்குள் சின்ன நாட்டின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: தன் சொந்த முறையீட்டை எல்லோருக்குமான விதியாக மாற்றுவதில். லிதுவேனியா இதை ரஷ்ய விவகாரத்தில் பல ஆண்டுகள் பொறுமையாகக் கற்றுக்கொண்டது. சீன விவகாரத்தில் அதே பாடத்தை மறந்துபோனது.

ரஷ்யப் பக்கத்தைப் புரிந்துகொள்ள 1990க்குப் போக வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் 1939இல் போட்ட ரகசிய உடன்படிக்கையின் தொடர்ச்சியாக 1940இல் சோவியத் படைகள் லிதுவேனியா, லாத்வியா, எஸ்தோனியா என்ற பால்டிக் நாடுகள் மூன்றையும் விழுங்கின. அரை நூற்றாண்டு கழித்து, 1990 மார்ச் 11 அன்று, லிதுவேனிய நாடாளுமன்றம் சுதந்திரத்தை மீட்டதாக அறிவித்தது. சோவியத் குடியரசுகளில் அப்படி அறிவித்தது அதுவே முதல். தலைமை தாங்கியவர் விதவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், ஓர் இசைப் பேராசிரியர்.

மாஸ்கோ எண்ணெயையும் எரிவாயுவையும் நிறுத்தியது. மேற்கு ஐரோப்பா என்ன செய்தது? ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கோலும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சுதந்திர அறிவிப்பின் விளைவுகளைச் சில காலம் நிறுத்திவைத்தால் பேச்சுவார்த்தைக்கு வழி பிறக்கும் என்பது அதன் சாரம். கோலுக்கு அப்போது இரு ஜெர்மனிகளின் இணைப்பு முக்கியம், அதற்குச் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வேண்டும். அவருடைய கணக்கு அவருக்கு. 1991 ஜனவரி 13 அன்று வில்னியுஸ் தொலைக்காட்சி கோபுரத்தைச் சோவியத் டாங்கிகள் சூழ்ந்தபோது, நிராயுதபாணிகளாக நின்ற மக்களில் 14 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் லிதுவேனியாவை முதலில் அங்கீகரித்த நாடு ஐஸ்லாந்து. ஐரோப்பியச் சமூகம் அங்கீகரிக்க ஆகஸ்ட் இறுதி வரை, மாஸ்கோவில் நடந்த ராணுவப் புரட்சி முயற்சி தோற்கும் வரை, காத்திருந்தது.

வில்னியுஸின் அரசியல்வாதிகள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தக் கதையை மறப்பதில்லை. பெரிய நாடுகள் ரஷ்யாவோடு சுமுகமாக இருக்க விரும்பும்போது விலை கொடுப்பது நாம்தான் என்ற எண்ணம் அவர்களுக்கு ஊறிப்போனது. 2004இல் நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியம் இரண்டிலும் சேர்ந்தார்கள். அதற்கும் முந்தைய ஆண்டே, ஈராக் போர் விஷயத்தில் அமெரிக்காவை ஆதரித்து அறிக்கை விட்ட பத்து நாடுகளில் லிதுவேனியாவும் ஒன்று. வாயை மூடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு கிடைத்தும் தவறவிட்டார்கள் என்று பிரெஞ்சு அதிபர் சிராக் அவர்களைக் கடிந்துகொண்டார். பாதுகாப்பு என்றால் வாஷிங்டன், பணமும் சந்தையும் என்றால் பிரஸ்ஸல்ஸ் என்ற பிரிவினை அவர்கள் மனதில் அப்போது அப்படித்தான் இருந்தது.

2006 ஜூலையில் ரஷ்யா, லிதுவேனியாவின் மஜெய்கியாய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் குழாயை மூடியது. குழாயில் பழுது என்று சொன்னார்கள். ஆலையை ரஷ்ய நிறுவனத்துக்கு விற்காமல் போலந்து நிறுவனத்துக்கு விற்க முடிவானதும் பழுது வந்தது தற்செயல் என்று லிதுவேனியாவில் யாரும் நம்பவில்லை. அந்தக் குழாய் திரும்பத் திறக்கவே இல்லை. இந்தக் கோபம்தான் 2008இல் வெடித்தது. ரஷ்யாவோடு புதிய கூட்டாண்மை ஒப்பந்தம் பேச ஒன்றியம் தயாரானபோது, லிதுவேனியா தனியாக நின்று தடுத்தது. எண்ணெய்க் குழாய், ஜார்ஜியாவில் ரஷ்யாவின் தலையீடு, 1991 ஜனவரி கோபுரச் சாவுகள் பற்றிய வழக்கில் ரஷ்யா ஒத்துழைக்காதது என்று பல கோரிக்கைகளை வைத்தது. மே மாதம் மற்ற சில நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் வில்னியுஸுக்கே வந்து பேசி, சில கோரிக்கைகளை இணைப்பாகச் சேர்ப்பதாகச் சொன்ன பிறகு விட்டுக்கொடுத்தது.

மூன்றே மாதத்தில் ரஷ்யா ஜார்ஜியாவுக்குள் படையெடுத்தது. லிதுவேனியா சொன்னது சரியாகிப்போனது. அதனால் ஏதாவது பலன் உண்டா என்றால் இல்லை. செப்டம்பரில் தள்ளிவைத்த பேச்சுவார்த்தையை நவம்பரிலேயே மறுபடி தொடங்கினார்கள். லிதுவேனியா எதிர்த்தது. 'பேச்சைத் தள்ளித்தானே வைத்தோம், ரத்து செய்யவில்லையே. ஆகவே புதிதாக ஒருமித்த முடிவு தேவையில்லை' என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விளக்கம் சொல்லிவிட்டது. வீட்டோவைச் சுற்றிப் போக வழி தேடினால் பெரும்பாலும் ஒன்று கிடைத்துவிடும். வில்னியுஸ் அன்று கற்ற பாடம் இது.

அதற்குப் பிறகு அவர்கள் பாணி மாறியது. எரிவாயு விவகாரத்தில் இது நன்றாகத் தெரியும். ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனைப்படி, செர்னோபில் வகையைச் சேர்ந்த இக்னாலினா அணுமின் நிலையத்தை 2009 கடைசி நாளோடு மூடினார்கள். மின்சாரம் ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. எரிவாயுவுக்கு ரஷ்யாவின் காஸ்ப்ரோம் ஒன்றே கதி. அது கேட்டதுதான் விலை. இந்த முறை லிதுவேனியா எதையும் தடுக்கவில்லை. 2011இல் ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்டத் துறையில் புகார் கொடுத்தது. 'ரஷ்யா எங்களை மிரட்டுகிறது' என்று புலம்பவில்லை. 'ஒரு நிறுவனம் சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது' என்று வழக்கைச் சட்டத்தின் மொழியில் வைத்தது. ஆணையம் 2012இல் முறையான விசாரணை தொடங்கி, 2018இல் காஸ்ப்ரோமிடம் கட்டுப்படுத்தும் உறுதிமொழிகளை வாங்கியது. அபராதம் விதிக்கவில்லை என்று வில்னியுஸுக்கு வருத்தம்தான். ஆனாலும் மத்திய, கிழக்கு ஐரோப்பா முழுவதற்கும் விதிகள் மாறின.

கூடவே தன் கையால் செய்ய வேண்டியதையும் செய்தது. 2014 அக்டோபரில் திரவ எரிவாயுவைச் சேமித்து மாற்றும் ஒரு மிதக்கும் கப்பல் கிளைபேடா துறைமுகத்துக்கு வந்து நின்றது. அதற்கு 'சுதந்திரம்' என்று பெயர். கப்பல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்துவிட்டது. 2022 ஏப்ரலில், உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், ரஷ்ய எரிவாயு எங்களுக்கு வேண்டாம் என்று ஒன்றியத்திலேயே முதலில் அறிவித்தது லிதுவேனியா. வீரவசனமாகத் தெரியும் அந்த அறிவிப்புக்குப் பின்னால் பத்தாண்டு வேலை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மூன்று பால்டிக் நாடுகளும் ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து துண்டித்துக்கொண்டு, போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தன. செலவில் பெரும்பங்கு ஒன்றியத்தின் பணம்.

பெலாரஸ் விஷயத்திலும் இதே முறைதான். வில்னியுஸிலிருந்து பெலாரஸ் எல்லை சுமார் 30 கிலோமீட்டர். 2020 ஆகஸ்டில் லுகஷென்கோவை எதிர்த்துப் போட்டியிட்ட ஸ்வெத்லானா திகனோவ்ஸ்கயா அடைக்கலம் தேடி வந்தது இங்குதான். ஒன்றியம் தடைக்காக இழுத்தடித்த வாரங்களில், மூன்று பால்டிக் நாடுகளும் லுகஷென்கோ உள்ளிட்ட 30 பேருக்குத் தங்கள் சொந்தச் சட்டப்படி பயணத் தடை விதித்தன. முதலில் தாங்கள் செய்துவிட்டு, மற்றவர்களைப் பின்னால் வரச் செய்யும் உத்தி. அடுத்த ஆண்டு மே மாதம் ஏதென்ஸிலிருந்து வில்னியுஸுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தைப் போலி வெடிகுண்டு எச்சரிக்கையோடு பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கில் இறக்கி, ஒரு எதிர்க்கட்சி ஊடகவியலாளரைக் கைது செய்தார்கள். மறுநாளே ஐரோப்பியத் தலைவர்கள் கூடி, பெலாரஸ் விமானங்களுக்கு வான்வெளியை மூட முடிவெடுத்தார்கள். முந்தைய ஆண்டு இரண்டு மாதம் எடுத்துக்கொண்ட அமைப்பு, இந்த முறை ஒரே நாளில் முடித்துவிட்டது.

சீனாவோடு என்ன ஆனது?

இந்தப் பின்னணியோடுதான் 2020 டிசம்பரில் இங்ரிதா ஷிமோனித்தே தலைமையில் புதிய அரசு வந்தது. வெளியுறவு அமைச்சர் காப்ரியேலியுஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், அந்த இசைப் பேராசிரியரின் பேரன். பெலாரஸ் முதல் தைவான் வரை சுதந்திரத்துக்காகப் போராடுவோருக்குத் துணை நிற்போம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். மதிப்புகளின் அடிப்படையிலான வெளியுறவு என்பது அவர்கள் வைத்த பெயர்.

2021 மே மாதம், கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சீனா தனியாகக் கூட்டி வைத்திருந்த '17+1' என்ற அமைப்பிலிருந்து லிதுவேனியா வெளியேறியது. எங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசாதீர்கள், 27 பேரோடும் சேர்ந்து பேசுங்கள் என்றது. இது சரியான நகர்வு. ஒன்றியத்தின் ஒற்றுமைக்கு ஆதரவான வாதம் என்பதால் பிரஸ்ஸல்ஸும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஆண்டு எஸ்தோனியாவும் லாத்வியாவும் வெளியேறின.

அப்புறம் வந்ததுதான் பெயர்ப்பலகை. ஆகஸ்டில் சீனா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அலுவலகம் திறந்ததும் உறவின் தரத்தைக் குறைத்தது. டிசம்பரில் லிதுவேனியத் தூதரக ஊழியர்கள் எல்லோரும் பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பினார்கள்.

லிதுவேனியாவின் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. அதன் மொத்த ஏற்றுமதியில் சீனாவுக்குப் போவது 1 சதவீதம் அளவுதான். சீனா கோபித்துக்கொண்டால் எவ்வளவு இழப்பு வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பெய்ஜிங் அந்த 1 சதவீதத்தோடு நிற்கவில்லை. லிதுவேனியாவில் செய்த உதிரிபாகங்களைப் பயன்படுத்தும் பிற ஐரோப்பிய நிறுவனங்களின் பொருட்களும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. குறிப்பாக, அங்கே தொழிற்சாலை வைத்திருந்த ஜெர்மானிய நிறுவனங்களுக்கு வலித்தது. பிரச்சினையைத் தீர்க்காவிட்டால் சில முதலீட்டாளர்கள் தொழிற்சாலையை மூட வேண்டி வரலாம் என்று ஜெர்மன்-பால்டிக் வர்த்தக சபை 2022 ஜனவரியில் லிதுவேனிய அரசுக்குக் கடிதம் எழுதியது. லிதுவேனியாவுக்கு வலி நேராக வரவில்லை, பெர்லின் வழியாக வந்தது. எந்த ஒரே சந்தையை வில்னியுஸ் தன் கேடயமாக நினைத்ததோ, அதையே பெய்ஜிங் நெம்புகோலாகப் பிடித்துக்கொண்டது. இதை முன்கூட்டி யோசிக்காததுதான் ஷிமோனித்தே அரசின் உண்மையான பிழை என்பேன்.

தைவான் உதவிக்கு வந்தது. சீனாவுக்குப் போக வேண்டிய லிதுவேனிய ரம் 20,400 பாட்டில்களைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டு, அதைக் குடிப்பது எப்படி என்று மக்களுக்குச் செய்முறைக் குறிப்பும் கொடுத்தது. 20 கோடி டாலர் முதலீட்டு நிதி, 100 கோடி டாலர் கடன் நிதி என்று அறிவிப்புகள் வந்தன. லேசர் கருவித் தொழிலுக்கும் குறைக்கடத்தி ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் பணம் போனது. நாட்டின் பொருளாதாரத்தைத் திருப்பிப் போடும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

உள்ளூரிலேயே ஒற்றுமை இல்லை என்பதும் சீக்கிரம் வெளியே வந்தது. லிதுவேனிய அரசியலமைப்புப்படி வெளியுறவின் அடிப்படை விஷயங்களைத் தீர்மானிப்பவர் அதிபர். அரசோடு சேர்ந்து அதை நடத்துபவரும் அவரே. ஐரோப்பியத் தலைவர்கள் கூட்டத்தில் நாட்டின் சார்பில் உட்காருவதும் அதிபர்தான். 2022 ஜனவரியில் அதிபர் கீதானாஸ் நவுசேடா ஒரு வானொலிப் பேட்டியில், அலுவலகம் திறந்தது தவறல்ல, அந்தப் பெயர்தான் தவறு, அதைப் பற்றி என்னிடம் கலந்து பேசவில்லை என்று சொல்லிவிட்டார். பெய்ஜிங்குக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்? சொந்த அதிபரையே கேட்காமல் எடுத்த முடிவுக்கு மற்ற 26 நாடுகள் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, ஒன்றியம் என்ன செய்தது? ஆதரவு அறிக்கைகள் தாராளமாக வந்தன. 2022 ஜனவரி 27 அன்று உலக வர்த்தக அமைப்பில் சீனா மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2024 ஜனவரியில் ஒன்றியமே அதை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டது. ஓராண்டு கழித்து வழக்கு காலாவதியானது. எழுத்தில் ஓர் உத்தரவுகூட இல்லாமல் போட்ட தடையை நிரூபிப்பது எளிதல்ல. அதற்குள் வர்த்தகமும் ஓரளவு மீண்டுவிட்டது.

நிலைத்து நின்ற பலன் வேறொன்று. 2021 டிசம்பர் 8 அன்று, அதாவது சுங்கத் தகராறு சூடாக இருந்த வாரத்திலேயே, ஆணையம் ஒரு புதிய சட்டத்தை முன்மொழிந்தது. ஓர் உறுப்பு நாட்டைப் பொருளாதார ரீதியாக மிரட்டி அதன் முடிவை மாற்ற எந்த அந்நிய நாடாவது முயன்றால், ஒன்றியம் முழுவதும் சேர்ந்து பதிலடி கொடுக்க வழி செய்யும் சட்டம். வரி போடலாம், அரசு ஒப்பந்தங்களில் பங்கேற்பதைத் தடுக்கலாம், முதலீட்டைக் கட்டுப்படுத்தலாம். முக்கியமாக, இதற்கு 27 பேரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. முன்பு சொன்ன 55, 65 சதவீதக் கணக்கு, அதாவது தகுதிப் பெரும்பான்மை, போதும். யோசனை முன்பிருந்தே தயாரிப்பில் இருந்தது என்றாலும், இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு லிதுவேனியா உயிருள்ள உதாரணமாகக் கிடைத்தது. 2023 டிசம்பர் 27 முதல் அது அமலில் இருக்கிறது. டிரம்ப்பின் வரி மிரட்டல்கள் வந்தபோது, இதை அமெரிக்கா மீது பயன்படுத்தலாமா என்ற பேச்சு பிரஸ்ஸல்ஸில் அடிபட்டது. சீனாவுக்காகத் தீட்டிய கத்தியை நட்பு நாட்டின் பக்கம் திருப்புவது பற்றி யோசிப்பார்கள் என்று 2021இல் வில்னியுஸில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சீனாவுடனான உறவு இன்னும் சீராகவில்லை. 2024 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிதாக வந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் தூதர் நிலை உறவை மீட்க விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் லிதுவேனியாவுக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான கடலடிக் கேபிள் அறுந்தபோது சந்தேகம் ஒரு சீனச் சரக்குக் கப்பல் மீது விழுந்தது. பதவி விலகும் தறுவாயில் இருந்த பழைய அரசு, வில்னியுஸில் இருந்த சீனப் பிரதிநிதிகள் மூவரை வெளியேற்றிவிட்டுப் போனது. 2025 ஜூலையில் ரஷ்யாவுக்கு உதவியதாக இரண்டு சின்னச் சீன வங்கிகளை ஒன்றியம் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டில் சீனா பதிலடி கொடுத்தது. யார் மீது தெரியுமா? இரண்டு லிதுவேனிய வங்கிகள் மீது. முடிவெடுத்தது 27 நாடுகள்.

ரயில் பாதையும் உரமும்

இன்னொரு பக்கமும் உண்டு: ஒன்றியத்தின் விதியை லிதுவேனியா நூல் பிடித்தாற்போல அமல்படுத்தப்போய், ஒன்றியமே அதைப் பின்னுக்கு இழுத்த கதை. ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே தனித்துக் கிடக்கிறது. ரஷ்யாவின் மற்ற பகுதியிலிருந்து தரை வழியாகச் சரக்கு போக வேண்டுமென்றால் லிதுவேனியா வழிதான். 2022 ஜூனில் எஃகு மீதான ஒன்றியத் தடை அமலுக்கு வந்ததும், அந்தச் சரக்கை ரயிலில் கொண்டுபோக லிதுவேனியா மறுத்தது. மாஸ்கோ கொதித்தது. 'இது எங்கள் முடிவல்ல, ஒன்றியத்தின் தடை' என்று வில்னியுஸ் சொன்னது. இந்த முறை சட்டம் அதன் பக்கம்தான். ஆனால் பெர்லினுக்குப் பயம். அந்த ரயில் பாதை போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள சுவால்கி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மோதல் வெடித்தால் நேட்டோ நேரடியாகப் போருக்குள் போகும். ஜூலை 13 அன்று ஆணையம் விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது: சாலை வழியாக வேண்டாம், ரயிலில் வழக்கமான அளவுக்குப் போகலாம். லிதுவேனியா முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது.

அதே ஜெர்மனிதான் இன்று லிதுவேனியாவில் ஒரு முழுப் படைப்பிரிவை நிரந்தரமாக நிறுத்துகிறது. 2027க்குள் சுமார் 5,000 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் ராணுவம் வெளிநாட்டில் இப்படி நிரந்தரமாகத் தங்குவது முதல் முறை. 2025 மே மாதம் அதன் தொடக்க விழாவுக்கு ஜெர்மன் பிரதமர் மெர்ஸ் வில்னியுஸ் வந்தார். முன்னாள் லிதுவேனியப் பிரதமர் ஆந்திரியுஸ் குபிலியுஸ் இப்போது ஒன்றியத்தின் முதல் பாதுகாப்பு ஆணையர். ஒரு காலத்தில் ரஷ்யா பற்றிய புலம்பல் என்று ஒதுக்கப்பட்ட பேச்சு இன்று பிரஸ்ஸல்ஸின் அதிகாரபூர்வ மொழி.

இதைப் பார்த்து லிதுவேனியாவை ஒழுக்கத்தின் உருவமாக வரைந்துவிட வேண்டாம். 2021இல் லுகஷென்கோ அகதிகளையும் புலம்பெயர்வோரையும் எல்லைக்கு அனுப்பி நெருக்கடி கொடுத்தபோது, 4,000க்கு மேற்பட்டோர் நுழைந்தார்கள், பெரும்பாலும் ஈராக்கியர். லிதுவேனியா முள்வேலி போட்டது, வந்தவர்களைத் திருப்பித் தள்ளியது, அடைக்கலம் கேட்கும் உரிமையைச் சுருக்கியது. 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2025இல் கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் உடன்படிக்கையிலிருந்தும், ஆண்டு இறுதியில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்தும் விலகியது. ரஷ்யா பக்கத்தில் இருக்கும்போது வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதம். அயர்லாந்தும் ஸ்லோவேனியாவும் 2024இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன, லிதுவேனியா அங்கீகரிக்கவில்லை. ஒவ்வொரு சின்ன நாட்டின் மதிப்புகளும் அதன் பயத்தின் திசையிலேயே வளர்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. அயர்லாந்துக்கு எல்லையில் ரஷ்யா இல்லை. லிதுவேனியாவுக்கு அமெரிக்கா இல்லாமல் தூக்கம் வராது.

அந்த அமெரிக்காதான் இப்போது புதிய தலைவலி. பெலாரஸின் பெரிய வருமானம் பொட்டாஷ் உரம். கடலில்லாத அந்த நாடு தன் உரத்தை ரயிலில் கிளைபேடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றியது. இந்தியா அவர்களிடம் வாங்கிய பொட்டாஷும் பெரும்பாலும் அந்த வழியாக வந்ததுதான். 2021 டிசம்பரில் அமெரிக்கத் தடை அமலுக்கு வந்த பிறகும் அந்த ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தது தெரிய வந்து, லாண்ட்ஸ்பெர்கிஸும் போக்குவரத்து அமைச்சரும் பதவி விலக முன்வர வேண்டியதாயிற்று. ஒருபுறம் சீனாவை எதிர்த்து நின்ற அதே மாதத்தில், மறுபுறம் லுகஷென்கோவின் உரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது அரசு ரயில்வே. 2022 பிப்ரவரி 1 முதல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். துறைமுகமும் ரயில்வேயும் பெரும் வருமானத்தை இழந்தன.

2025 டிசம்பரில் லுகஷென்கோ 123 கைதிகளை விடுவித்தார். நோபல் பரிசு பெற்ற அலெஸ் பியாலியாட்ஸ்கியும் அதில் ஒருவர். அவர் வந்து சேர்ந்தது வில்னியுஸுக்கு. பதிலுக்கு டிரம்ப் அரசு பொட்டாஷ் மீதான அமெரிக்கத் தடையை நீக்கியது. சில வாரங்களுக்கு முன்புதான், பெலாரஸிலிருந்து கடத்தல் சிகரெட்டுகளைச் சுமந்து வந்த பலூன்களால் வில்னியுஸ் விமான நிலையம் பலமுறை மூடப்பட்டு, லிதுவேனியா எல்லையையே அடைத்திருந்தது. தடை நீங்கிவிட்டது, இனி கிளைபேடாவைத் திறக்கலாமே என்ற எதிர்பார்ப்பு வாஷிங்டனில் எழுவது இயல்பு. தன் பாதுகாப்புக்கு யாரை நம்பியிருக்கிறதோ அவர்களிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்லும் துணிச்சல் எந்த லிதுவேனிய அரசுக்கும் வராது. சொல்லவும் தேவையில்லை. பெலாரஸ் பொட்டாஷ் மீது ஒன்றியத்தின் தடை இன்னும் இருக்கிறது. அதை வில்னியுஸ் தனியாக எடுக்க முடியாது. அந்தத் தடைக்கும் ஒரு கெடு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 27 நாடுகளும் கைதூக்க வேண்டும்.